பதினாறு கல், விலை நீங்களே சொல்லுங்க

ஹார்லோ கிரீக், சஸ்காட்சுவான், கனடா
ஆகஸ்ட் 6

அன்புள்ள டார்லீன் அக்காவுக்கு,

நலம்தானே? நீ என் நம்பரைத் தடை பண்ணி வச்சிருக்கேன்னு தெரியும். கடிதத்தைத் தடை பண்ண வழி கிடையாதுன்னு தபால் ஆபீஸ் யுவோன் சொன்னா. அதான் எழுதறேன். மார்ச் மாசம் நமக்குள்ள நடந்த சண்டையைப் பத்தி இதுல ஒரு வார்த்தை வராது. தைரியமா மேல படி.

நம்ம கர்லிங் அரங்குல ஐஸ் உறைய வைக்கிற எந்திரம் செத்துப்போச்சு. மெக்கானிக் வந்தான், பார்த்தான், துக்க வீட்டுக்கு வந்த மாதிரி தொப்பியைக் கழட்டிட்டான். புதுசுதான் போடணுமாம். சங்கத்துல அவ்வளவு பணம் ஏது? அக்டோபர் 15 கூட்டத்துக்குள்ள பணம் சேரலைன்னா அரங்கை டிராக்டர் கம்பெனிக்காரனுக்குக் கிடங்கா விட்டுடலாம்னு தீர்மானம் போட்டாச்சு. நானும் கைதூக்கினேன். எல்லாரும் தூக்கினாங்க, நான் மட்டும் எப்படிச் சும்மா உக்காந்திருக்கறது?

வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது. என் வீட்டுக்காரி நாதியா போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் எனக்குன்னு இருக்கறது அந்த ஐஸ் ஒண்ணுதான். காலையில போய் தண்ணி தெளிக்கறது, சாயங்காலம் ஆடறது, அப்புறம் காபி. அது இல்லைன்னா நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நான் எங்கே போய் உக்காருவேன், நீயே சொல்லு.

அரங்கோட நிலவறையில நாம ஐஸ் மேல தள்ளி ஆடின பழைய கல்லு பதினாறு கிடக்குதே, புதுசு வாங்கினப்போ ஓரங்கட்டினோமே, அதை இணையத்துல ஏலத்துக்குப் போட்டேன். இதுவரைக்கும் ஒருத்தனும் கேக்கல. ஃபிளாரிடாவுல இருந்து ஒருத்தன் மட்டும் மீன் குளத்தைச் சுத்தி வைக்கத் தோதுப்படுமான்னு எழுதியிருக்கான். நான் எழுதிப் போட்ட விவரம் இதுதான்: "பழைய கல் பதினாறு. பரவாயில்லை. சிலது நேராப் போகும். இதைவிட நல்லது வேற எங்கேயாவது கிடைக்கலாம். விலை நீங்களே சொல்லுங்க."

இதுல என்ன தப்புன்னு எனக்குப் புரியல. நீ வருஷக்கணக்கா பீங்கான் கோப்பை வித்துக்கிட்டிருக்கே. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கொஞ்சம் யோசனை சொல்லேன்.

தம்பி
ஒரெஸ்ட்


கெலோனா
ஆகஸ்ட் 12

டேய் ஒரெஸ்ட்,

உன் கடிதத்தைப் பிரிக்கவே கூடாதுன்னு இருந்தேன். என் மக பிரிச்சுப் படிச்சுட்டு அடுப்படியில நின்னு விழுந்து விழுந்து சிரிக்கறா. அப்புறம்தான் நான் வாங்கிப் படிச்சேன். நான் சிரிக்கல. தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஏண்டா, விக்கறவனே "இதைவிட நல்லது வேற இடத்துல கிடைக்கலாம்"னு எழுதினா வாங்கறவன் வேற இடத்துக்குத்தானே போவான்? நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ஒரு வியாதி. யாராவது உன் சட்டை நல்லா இருக்குன்னு சொன்னாக்கூட, ஐயோ இது பழசுன்னு கிழிசலைத் தேடிக் காட்டுவீங்க.

உன் ஏலத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மத்தியானம் போச்சு. தோட்ட அலங்காரத்துல போட்டிருக்கே! களிமண் தவளைக்கும் குருவித் தொட்டிக்கும் நடுவுல. தலைப்புல வெறும் "கல்"னு போட்டா உலகத்துல யாருடா தேடி வருவான்? அது கர்லிங் கல். ஐஸ் மேல வழுக்கி விட்டு ஆடறது, ஸ்காட்லாந்து கருங்கல்லுல செஞ்சது, ஒவ்வொண்ணும் இருபது கிலோ. இதெல்லாம் எழுத மாட்டியா? விளையாட்டுப் பொருள் பிரிவுக்கு மாத்து.

அந்தப் போட்டோ! நிலவறை இருட்டுல பாதிக்கு உன் கட்டைவிரல், மீதிக்கு நாய். கல்லு மேல உன் நாய் உக்காந்திருக்கு. கல்லை வெளியே கொண்டாந்து, வெள்ளைத் துணி விரிச்சு, வெயில்ல வச்சு எடு. அடிப்பக்கம், கைப்பிடி, எங்கெங்க பேர்ந்திருக்கோ அது, எல்லாம் தனித்தனியா எடு. அதுக்காக பாலீஷ் போட்டு மினுக்கிடாதே, அடிப்பக்கத்தைத் தொட்டே, அந்தக் கல்லு அப்புறம் ஓடாது.

முக்கியமா ஒண்ணு. அனுப்பற செலவு நம்மளோடதுன்னு வாய்தவறிக்கூட சொல்லிடாதே. உனக்கு யார் எது கேட்டாலும் தலையாட்டற பழக்கம் உண்டு. 

ஃபோன் தடை அப்படியேதான் இருக்கு. கடிதத்துல உன் குரல் கேக்காது, அதனால பொறுத்துக்கறேன். 

டார்லீன்


ஹார்லோ கிரீக்
ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி பிரிவு மாத்தினேன். யுவோன் வீட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பை வாங்கி விரிச்சுப் போட்டோ எடுத்தேன். கல்லெல்லாம் கல்யாணத்துக்கு உக்காந்த மாதிரி ஜம்முனு இருந்துது. ஆனாலும் பாரு, ரெண்டு நாள் ஒருத்தனும் கேக்கல. ஆளில்லாத கடைக்குள்ள யார் முதல்ல நுழைவான்னு நினைச்சு, ஒரு சின்ன வேலை பண்ணேன். நாதியா பேர்ல பழைய கணக்கு ஒண்ணு இருந்துது, நூல்கண்டு வாங்கறதுக்கு வச்சிருந்தா. அதுல நுழைஞ்சு நானே ஒரு விலை கேட்டேன்.

வேலை செஞ்சுது அக்கா! ஒஹாயோவுல இருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதுக்கு மேல கேட்டார். அவருக்கு மேல இன்னொருத்தர். ஏறிக்கிட்டே போச்சு.

எனக்கு சோறு இறங்கல. உனக்குத் தெரியாததா? ஆட்டத்துல ஐஸைத் தேய்க்கற நம்ம துடைப்பம் ஓடற கல்லு மேல பட்டுட்டா, யாரும் பார்க்கலைன்னாலும் பட்டவனே கையைத் தூக்கணும். அப்படித்தானே நம்மளை வளர்த்தாங்க? அதனால கேட்டவங்க எல்லாருக்கும் உண்மையை எழுதிட்டேன். முதல்ல கேட்டது நாதியா இல்ல, நான்தான், அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சுன்னு. கையோட இன்னொண்ணும் எழுதினேன்: இவ்வளவு விலைக்கெல்லாம் போகாதீங்க, உங்களுக்குக் குடும்பம் குட்டி இருக்கும், ஏழாம் நம்பர் கல்லு வேற கொஞ்சம் தறிகெட்டுத்தான் போகும்னு.

எல்லாரும் நன்றி சொல்லிட்டு விலகிட்டாங்க. வாத்தியார் நல்ல மனுஷன், நான் பேச்சுவாக்குல எழுதின நாதியாவோட முட்டைக்கோசுச் சுருள் பலகாரம் எப்படிச் செய்யறதுன்னு கேட்டு எழுதியிருக்கார். ஏல இணையதளத்துக்காரன்தான் என் கணக்கை முடக்கிட்டான். நாதியா கணக்கையும் சேர்த்து. பாவம், செத்தும் அவளுக்கு என்னால கெட்ட பேரு.

அப்புறம், அனுப்பற செலவு நம்மளோடதுன்னு உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே போட்டிருந்தேன். யுவோன் தராசை வச்சு ஃபிளாரிடாவுக்குக் கணக்குப் போட்டுட்டு, அதுக்கு நீயே அவன் வீட்டுக்குக் குடிபோயிடலாம்னா. ஒரு வகையில கணக்கு முடங்கினது நல்லதுக்குத்தான்.

இனி என்ன பண்றதுன்னு தெரியல அக்கா. நிஜமாவே தெரியல.

ஒரெஸ்ட்


கெலோனா
ஆகஸ்ட் 28

டேய்,

செத்துப்போன பொண்டாட்டி பேர்ல ஏலம் கேட்டு, அதையும் நீயே தம்பட்டம் அடிச்சு, வாங்க வந்தவங்களை வீட்டுக்குப் போங்கன்னு புத்தி சொல்லி அனுப்பி வச்ச ஒரே வியாபாரி இந்த உலகத்துல நீதான். படிச்சுட்டு நாற்காலியில இருந்து வழுக்கிட்டேன். மக ஓடி வந்து தூக்கினா. நாதியா இருந்திருந்தா அவளும் சிரிச்சிருப்பா. மனசைப் போட்டு உழப்பிக்காதே.

இனிமே நீ எதையும் தொடாதே. என் கணக்குல நான் போடறேன். பதினோரு வருஷமா விக்கறேன், இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது. ஒரு கோப்பை உடைஞ்சு போய்ச் சேர்ந்ததில்ல. அந்தப் பேரை உன் பதினாறு கல்லுக்காகப் பணயம் வைக்கறேன். அதுல ஒரு கரும்புள்ளி விழுந்துது, அப்புறம் கடிதத்தையும் நெருப்புல போட்டுடுவேன்.

ஒரு குறைந்தபட்ச விலை வச்சுடறேன், அதுக்குக் கீழ விக்க மாட்டோம். செலவு வாங்கறவனோடது. மரப்பெட்டி அடிக்கற வேலை உன்னோடது. ஏலம் முடியற நேரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம். நீ வியாழக்கிழமை மத்தியானம்னு வச்சிருந்தியே, அறுப்பு நேரத்துல! கர்லிங் கல்லு மேல ஆசைப்படறவன்ல பாதிப்பேர் கோதுமை விவசாயி. அந்த நேரத்துல அவன் அறுப்பு எந்திரத்து மேல புழுதியில உக்காந்திருப்பான். ஃபோனை எடுப்பானா?

விவரம் இப்படி எழுதப் போறேன்: "மாகாண இறுதி ஆட்டம் கண்ட பெருமைமிக்க கருங்கற்கள். அரை நூற்றாண்டு அன்போடு பராமரிக்கப்பட்டவை. இப்படி ஒரு முழுத் தொகுப்பு இனிக் கிடைப்பது அரிது." படிச்சுட்டு உடனே பதில் போடு.

டார்லீன்


ஹார்லோ கிரீக்
செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

விவரத்தைப் படிச்சேன். எனக்குக் கூச்சமா இருக்கு. "பெருமைமிக்க"ன்னு நம்மளே சொல்லிக்கலாமா? இறுதி ஆட்டம் நம்ம ஊர்ல நடந்தது வாஸ்தவம்தான். ஆனா நகரத்து அரங்குக் கூரை ஒழுகினதாலதானே இங்கே வந்தாங்க? அதையும் போட்டுடலாமா? "அன்போடு"ங்கறது இருக்கட்டும், அது உண்மை.

ஏழாம் நம்பரைப் பத்தி ஒரு வரியாவது போடு. இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது.

இங்கே விஷயம் ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு. காபிக் கடையில ஃபிளாரிடாக்காரன் திரும்பவும் கேட்டு எழுதினதைச் சொன்னேன். நம்ம கல்லு மேல தவளை உக்காரப் போகுதாக்கும்னு பள்ளிக்கூட பஸ் ஓட்டற மர்லிஸ் கேட்டா. நம்ம சங்கத்து வெண்டெல் காபியைப் பாதியில வச்சுட்டு எழுந்து போயிட்டான். அவனுக்கு அறுப்பு வேலை தலைக்கு மேல கிடக்கு.

உன் பேருக்கு ஒண்ணும் வராது. நான் எதையும் தொட மாட்டேன், சத்தியம்.

ஒரெஸ்ட்


கெலோனா
செப்டம்பர் 10

ஒரெஸ்ட்,

ஏலம் போட்டாச்சு. 21ஆம் தேதி, ஞாயிறு, சாயங்காலம் ஏழு மணிக்கு முடியும். "ஏழாம் எண் கல் தனிக்குணம் கொண்டது"ன்னு எழுதியிருக்கேன், திருப்திதானே? கூரை ஒழுகின கதையெல்லாம் கிடையாது.

உனக்கு நவம்பர்ல போக்கிடம் இல்லைன்னு எழுதியிருந்தே. எனக்கு மட்டும் என்ன? இந்த ஊர்ல குளிர்காலம்னு பேருக்குத்தான், மழை தூறும், அவ்வளவுதான். நான் என் வயசுப் பொம்பளைங்களோட சுடுதண்ணிக் குளத்துல இறங்கிக் கையைக் காலை ஆட்டிக்கிட்டு நிக்கறேன். பாட்டு வேற போடறாங்க. மக நல்லாத்தான் பார்த்துக்கறா. இருந்தாலும் அதுவும் ஒரு பொழுதா?

சரி, அதை விடு. பெட்டியை ஒழுங்கா அடி. ஆணி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

டார்லீன்


ஹார்லோ கிரீக்
செப்டம்பர் 23

அக்கா! அக்கா!

நீ கணினியில பார்த்திருப்பே, இருந்தாலும் இங்கே நடந்ததை நான் சொல்லியே ஆகணும். எந்திரம் வாங்கப் போதும், கூரைக்குத் தார் பூசவும் மிஞ்சும்!

ஞாயித்துக்கிழமை இங்கே செம மழை. அறுப்பு நின்னுபோச்சு. ஊரே வீட்டுக்குள்ள. நான் யுவோன் வீட்டுக்குப் போய் அவ கணினியில பார்க்கலாம்னு கதவைத் தட்டினேன். அவ திறக்கவே இல்ல. தலைவலின்னு உள்ளே இருந்தே கத்தினா. சரின்னு மர்லிஸ் வீட்டுக்குப் போனா, அவளும் விரட்டிட்டா. எனக்கு ஒரே குழப்பம்.

நேத்து காலையில காபிக் கடையிலதான் குட்டு வெளிப்பட்டுது. வெண்டெல் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "எவளோ ஒரு அமெரிக்காக்காரி கடைசி நிமிஷத்துல தட்டிக்கிட்டுப் போயிட்டா"ன்னான். மர்லிஸ் திரும்பிப் பார்த்து, "நீயுமா கேட்டே? என்ன பேர்ல?"ன்னா. அவன் சொன்னான். "அட பாவி மனுஷா, அந்தப் பேரு ஃபிளாரிடாக்காரனோடதுன்னு நெனச்சுத்தானே நான் ஏத்தி ஏத்திக் கேட்டேன்!"ன்னு அவ மேசையில தட்டினா. அந்த நேரம் பார்த்து யுவோன் உள்ளே வந்தா. வாசல்லயே நின்னு முழிச்ச முழி இருக்கே!

ஜெயிச்சது யுவோன்தான் அக்கா. மூணு பேரும் மாத்தி மாத்தி, எதிராளி யாரோ வெளியூர்க்காரன்னு நினைச்சு, நம்ம கல்லை விட்டுடக் கூடாதுன்னு ஏத்தியிருக்காங்க. "வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"ன்னு கேட்டேன். "எனக்கு எதுக்குடா கல்லு? அது இங்கே இருக்கணும், அவ்வளவுதான்"னு சொல்லிட்டா. பணம் கட்டிட்டாளாம்.

நான் பெட்டி அடிக்கறதை நிறுத்திட்டேன். நிலவறையில இருந்து எடுத்து எங்கே அனுப்பறது, நிலவறைக்கேவா? கடையே சிரிச்சுது. நாதியா போனப்புறம் நான் இப்படிச் சிரிச்சதே இல்ல அக்கா. அரங்கு பொழச்சுது!

ஒரெஸ்ட்


கெலோனா
செப்டம்பர் 29

தம்பி ஒரெஸ்ட்,

இதை நின்னுக்கிட்டுப் படிக்காதே. உக்காரு.

உன் கடிதத்தைப் படிச்சப்போ எனக்கும் சிரிப்பு வந்துது. சிரிச்சு முடிச்சப்புறம் திரும்பவும் எடுத்துப் படிச்சேன். அந்தக் கல்லு யாரோடது? சங்கத்தோடது. சங்கம்னா யாரு? யுவோன், மர்லிஸ், வெண்டெல், எல்லாரும்தானே? சொந்தப் பொருளுக்குச் சொந்தக்காரங்களே விலை ஏத்தக் கூடாதுடா. நீ நாதியா பேர்ல பண்ணின அதே காரியம்தான், ஆள் மட்டும் மூணு. நடுவுல அந்த ஃபிளாரிடாக்காரன் நிஜமா ஆசைப்பட்டு நாலு தரம் கேட்டிருக்கான். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவன் அந்தக் கல்லை எங்கே வைப்பான்ங்கறது அவன் இஷ்டம்.

மூணு நாள் பேசாம இருந்து பார்த்தேன். யாருக்குத் தெரியப் போகுது? யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷமா கோப்பை வித்த கிழவி, என்னை யார் சந்தேகப்படுவா? உன்னை எவ்வளவு கேலி பண்ணேன், இப்ப எனக்கே சோறு இறங்கல.

நேத்து நானும் கையைத் தூக்கிட்டேன். இணையதளத்துக்கு எல்லாத்தையும் எழுதினேன். ஏலத்தை ரத்து பண்ணிட்டாங்க. யுவோனுக்குப் பணம் திரும்பிடும். என் கணக்கும் போச்சு. ஃபிளாரிடாக்காரனுக்குத் தனியா மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

உன் வயித்துல அடிச்சுட்டேன்னு தெரியும். திட்டணும்னா திட்டு, கேட்டுக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நவம்பர்ல ஐஸ் போட்டதும் வரலாம்னு மனசுக்குள்ள நினைச்சிருந்தேன், யார்கிட்டயும் சொல்லல. இந்தக் காசுல போட்ட ஐஸா இருந்தா என்னால அது மேல நின்னு ஆட முடியாதுடா. அதனாலதான். வேற காரணம் இல்ல.

15ஆம் தேதி கூட்டத்துல இதைப் படிச்சுக் காட்டு. நான்தான் கெடுத்தேன்னு எல்லாருக்கும் தெரியட்டும். உன் மேல பழி வரக் கூடாது.

அக்கா
டார்லீன்


ஹார்லோ கிரீக்
அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தன்னிக்கு நான் ரொம்ப நேரம் அரங்குல தனியா உக்காந்திருந்தேன். வெறும் மண்ணுதான் கிடந்துது, ஐஸ் இல்ல. உன்னைத் திட்டணும்னு வாயைத் திறந்தேன், திட்டு வரல. நீ பண்ணினது சரி. சரின்னு தெரிஞ்சும் அழுகை வந்துது.

நேத்து கூட்டம். டிராக்டர் கம்பெனிக்காரனும் வந்து கடைசி வரிசையில உக்காந்திருந்தான். எழுந்து உன் கடிதத்தைப் படிச்சேன். "வரலாம்னு நினைச்சிருந்தேன்"னு வந்த இடத்துல நிறுத்திட்டேன், மர்லிஸ் வாங்கிப் படிச்சா.

அவ முடிச்சதும் வெண்டெல் இருமினான். அவன் பேசி நீ பார்த்திருக்கியா? மெதுவா எழுந்து, "நான் எவ்வளவு கேட்டேன்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே எங்கிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது?"ன்னான். சட்டைப்பையில இருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்து, அங்கேயே முழங்கால் மேல வச்சு எழுதினான், ஏலத்துல கேட்ட அதே தொகையை. அவன் கேட்டா நானும் கேட்டேனேன்னு மர்லிஸ். எனக்குத்தான் பணம் திரும்பி வந்துடுச்சேன்னு யுவோன். ஏலத்துல கேக்காதவங்களுக்கு ரோஷம் வந்துடுச்சு, கணினி தெரியாதவன்னா இளப்பமான்னு அவங்களும் வரிசையில நின்னாங்க. டிராக்டர்காரன் தொப்பியை மாட்டிக்கிட்டுக் கிளம்பினான். வாசல்கிட்ட நின்னு, திரும்பி வந்து, அவனும் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போனான்.

வேணுங்கறதுக்கு மேலயே சேர்ந்துடுச்சு அக்கா. எந்திரத்துக்குச் சொல்லியாச்சு.

ராத்திரி வீட்டுக்கு நடந்து வர்றப்போ யோசிச்சேன். நாம பண்ணின தப்பு போட்டோவுல இல்ல, தலைப்புல இல்ல. இந்தக் கண்டம் முழுக்கக் கூவிக் கேட்டோம், பக்கத்து நாற்காலிக்காரனை வாயைத் திறந்து கேக்கல. கேட்டா ஒரு மாதிரி நினைப்பாங்களோன்னு நமக்கு வெக்கம். அவங்களா குடுத்தா பெருமைக்குக் குடுக்கறதா நினைப்பாங்களோன்னு அவங்களுக்கு வெக்கம்.

ஃபிளாரிடாக்காரனுக்கு ஒரு ஜோடி கல்லு சங்கத்து அன்பளிப்பா போகுது. யுவோன்தான் சொன்னா. அனுப்பற செலவை நினைச்சு இப்பவே முணுமுணுக்கறா.

நவம்பர் பத்தாம் தேதி ஐஸ் தயாராயிடும். அணிப் பெயரெல்லாம் பலகையில எழுதியாச்சு. நம்ம அணியில முதல் வரி உன் பேரு, கடைசி வரி என் பேரு. அணிக்கு நாலு பேர்தான், ஆனாலும் நீ வரலைன்னா மூணு பேரா ஆடுவோம், விதியில அதுக்கு இடம் இருக்கு. உன் இடத்துல வேற யாரையும் போட மாட்டோம். ஆனா நீ வந்துடு அக்கா.

தம்பி
ஒரெஸ்ட்